இடது பக்கத்து அவுட்புட்

எங்கள் கல்லூரி ஒரு செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகமானது. திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கல்லூரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வாசலில் ‘ஞானவடிவு நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்று புதுப் பெயர்ப்பலகை. தாளாளர் வேந்தராகிவிட்டார். முதல்வர் துணைவேந்தராகிவிட்டார். கேன்டீன் சாம்பாருக்கு மட்டும் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

வளாகம் கீழக்குயில்குடிப் பக்கம், சமணமலையைப் பார்த்தபடி இருந்தது. அந்த மலையில் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. எங்கள் ஹாஸ்டலுக்குக் கட்டில் வாங்கியவர் அவற்றை நன்றாகப் பார்த்துவிட்டுப் போய்த்தான் வாங்கியிருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டிவிட்டால் ஆய்வுக் குழு வரும். குழு வருவதற்கு முன் ஒரு படிவம் வரும். 2008 அக்டோபரில் வந்த அந்தப் படிவத்தின் நாற்பத்திரண்டாவது கட்டத்தில், ‘ஹேக்கத்தான் நடத்தியதுண்டா?’ என்று கேட்டிருந்தார்கள். கூடி உட்கார்ந்து, ஒரே மூச்சில் மென்பொருள் எழுதுகிற போட்டி அது. எங்கள் கணினித் துறைத் தலைவர் முனைவர் வெங்கடேஷ்பாபு அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு அதை நடத்த ஏற்பாடு செய்தார். அவர் எல்லாவற்றையும் அந்த வரிசையில்தான் செய்வார். அந்த வரிசைதான் இந்தக் கதை.

நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு. சுற்றறிக்கை வந்தது. ‘முப்பத்தாறு மணி நேர இடைவிடாத ஹேக்கத்தான்.’ அடியில் நேர அட்டவணை: சனி ஒன்பது முதல் நாலரை வரை, ஞாயிறு ஒன்பது முதல் நாலரை வரை. மாணவிகள் ஐந்து மணிக்குள் விடுதி திரும்ப வேண்டும். கூட்டிப் பார்த்தால் பதினைந்து மணி நேரம்தான் வந்தது. மீதி இருபத்தொரு மணி நேரமும் மாணவர்கள் தத்தம் இடங்களில் இருந்தபடி மனத்துக்குள் புரோகிராம் எழுதுவார்கள் என்று சுற்றறிக்கையிலேயே தெளிவாகப் போட்டிருந்தது.

என் பெயர் சாய்பிரசாத். ஆனையூரில் வீடு. அப்பாவுக்கு ஜவுளிக் கடை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம், கடையில் தமிழ் பேசுவோம், கல்லூரியில் ஆங்கிலம் பேசாவிட்டால் அபராதம் என்பதால் நான் வாயே திறப்பதில்லை. வெங்கடேஷ்பாபு சாரும் எங்கள் ஆட்கள்தான். அம்மா வழியில் எப்படியோ சொந்தம்கூட. அந்தச் சொந்தத்தால் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை, கல்யாண வீடுகளில் எல்லோர் முன்பும் என் மதிப்பெண்ணை அவர் கேட்பதுதான்.

என் கூட்டாளி அன்னக்கொடி. மூன்றாம் ஆண்டில் என்னோடு படித்தவள். உசிலம்பட்டிக்கு மேற்கே நரியங்கரடு அவள் ஊர். எங்கள் வகுப்பில் ஒழுங்காகப் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மற்ற நாங்கள் எல்லாம் பார்த்து எழுதுவதில் வல்லவர்கள். வளாகத்துக்குள் ஆணும் பெண்ணும் பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் மெயின் ரோட்டில், நாகமலைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில், வேந்தரின் ஆட்சி செல்லாது. அங்கே வைத்துத்தான் அவள் எனக்கு விஷயத்தைச் சொன்னாள்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கம்மாவ கண்ணாடி விரியன் கடிச்சுருச்சு சாயி. ஜூன் பதினேழு. மாட்டுக்குப் புல்லறுக்கப் போன எடத்துல. வேன் புடிச்சுக் கெழக்க போனோம். மொத ஆஸ்பத்திரில மருந்து இல்லைன்னாங்க. ரெண்டாவதுலயும் இல்லை. மதுரைக்குக் கொண்டு போங்கன்னாங்க. செக்கானூரணி தாண்டல.”

மலையம்மாள் என்று அம்மாவின் பெயரைச் சொன்னாள். அழவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் லீவு நாட்களிலெல்லாம் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். சுற்றியுள்ள பதினாலு சுகாதார நிலையங்களில் மருந்தாளுநர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். தாழையூத்துப்பட்டி என்ற சின்ன ஊரில் ஒரு மருந்தாளுநர் அம்மா, அந்த ஜூன் பதினேழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு இருபது குப்பி இருந்துச்சேம்மா. யாருமே வரலையே” என்றாராம். தாழையூத்துப்பட்டி அவள் ஊருக்கு மேற்கே பதினொரு கிலோமீட்டர். அவர்கள் போனது கிழக்கே.

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியாது. தெரியவும் கூடாது” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் எழுதி வைத்திருந்த புரோகிராம் ரொம்பச் சின்னது. ஊர்ப் பெயரையும் தேதியையும் அடித்தால், பாம்புக்கடி மருந்து அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் என்று சொல்லும். “ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் காலைல ஒரு தடவ இருப்பப் போட்டுட்டாப் போதும். கேக்குறதுக்கு ஒரு போன் நம்பர். அம்புட்டுத்தேன்” என்றாள். ஹேக்கத்தானில் அவள் சேர்ந்ததற்குக் காரணம் சுற்றறிக்கையின் கடைசி வரி. பரிசு பெறும் மென்பொருளை நிறைவு விழாவில் சென்னையிலிருந்து வரும் அரசு உயர் அதிகாரி நேரில் பார்வையிடுவார், தகுதியானதை நடைமுறைக்குக் கொண்டு வருவார் என்று போட்டிருந்தது. தென் மாவட்டங்களின் மருந்துக் கிடங்குகள் அவர் பொறுப்பில்தான் இருந்தன.

“அவரு ஒரு தடவ பாத்தாப் போதும் சாயி” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருபது வயதில் மனிதனுக்கு என்னென்னவோ தோன்றும்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஹேக்கத்தான் தொடங்கியது. பத்து நாற்பதுக்கு வேந்தர் வந்தார். குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஐந்து பேர் ஏற்ற வேண்டும். மின்விசிறிக் காற்றில் மூன்று திரிதான் நின்றது. விசிறியை நிறுத்தினார்கள். துணைவேந்தருக்கு வியர்த்தது. விசிறியைப் போட்டார்கள். விளக்கு அணைந்தது. இப்படிக் கால் மணி நேரம் அறிவியலுக்கும் மரபுக்கும் போராட்டம் நடந்தது. அப்புறம் வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்று ஓர் உரை, பொன்னாடைகள். ஒருவருக்குப் போர்த்திய ஆடையை அவர் பக்கத்து நாற்காலியில் வைக்க, அடுத்தவருக்கு அதையே எடுத்துப் போர்த்தினார்கள்.

வேந்தர் பேசினார். “நான் இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி பஸ் விட்டேன். பஸ்ஸுல ஏறுறவன் எதுக்குப் போறான், யாரப் பாக்கப் போறான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. ஏறிட்டானா, டிக்கெட் வாங்கிட்டானா, அம்புட்டுத்தான். அதே கொள்கையிலதான் இந்தப் பல்கலைக்கழகத்தையும் நடத்துறேன்.” கைதட்டினோம். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆசிரியர் நின்றார்.

பிறகு வெங்கடேஷ்பாபு சார் விதிகளை வாசித்தார். ஆய்வகத்துக்குள் செருப்புக் கூடாது. ஆணும் பெண்ணும் கலந்த அணி என்றால் மாணவன் கீழ்த்தள ஆய்வகத்திலும் மாணவி இரண்டாம் தள ஆய்வகத்திலும் உட்கார வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சீட்டில் எழுதி, ஆய்வக உதவியாளர் உக்கிரபாண்டி மூலம் அனுப்ப வேண்டும். புரோகிராமுக்குச் சம்பந்தமில்லாத வரிகளை அவர் அடித்துவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்து மேடை ஏறக் கூடாது.

கடைசி விதிதான் முக்கியமானது. ரெக்கார்டு நோட்டு.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் புரோகிராமை முழுக்கக் கையால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெரிய நோட்டு. வலது பக்கம் கோடு போட்டிருக்கும், அதில் பேனாவால் புரோகிராம். இடது பக்கம் வெள்ளை, அதில் பென்சிலால் அவுட்புட், அதாவது மெஷின் என்ன விடை சொல்லப்போகிறது என்பது. மெஷினை இன்னும் நாம் பார்க்கவே இல்லையே என்று கேட்கக் கூடாது.

“கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு விடை எழுதுவது சோம்பேறிகளின் வழி” என்றார் சார். “நம் துறையில் விடையை முதலில் எழுதுவோம். மெஷின் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கட்டும். ஒழுக்கம் என்பது மாணவர்களுக்கு மட்டுமல்ல, இயந்திரத்துக்கும் வேண்டும்.”

மத்தியானம் ஒரு மணிக்கு அன்னக்கொடியும் நானும் அவர் அறையில் நின்றோம். எங்களுக்கு நடுவில் ஒரு பீரோ இருந்தது. நோட்டின் தலைப்பைப் படித்ததும் சார் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பாம்பா? சீஃப் கெஸ்ட் உட்கார்ந்திருக்கிற மேடையிலே பாம்பா?”

“கடிச்சா மருந்து எங்க இருக்குன்னு சொல்லும் சார்.”

“எங்கே இருக்குன்னு சொன்னா எங்கே இல்லைன்னும் தெரிஞ்சு போயிடுமேம்மா. அவர் அந்தத் துறை. விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, உங்க சட்டையிலே கறை இருக்குன்னு சொல்லுவாங்களா?”

“அவருக்குத் தெரியணும்னுதான் சார் செஞ்சதே.”

“தெரிஞ்சுக்கிறதுக்கு அவர் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? அவர் வாழ்த்த வர்றார்.” அவர் கோபப்படவே இல்லை. உண்மையிலேயே அவளுக்கு நல்லது சொல்கிற முகம். “மங்களகரமா ஏதாவது செய். லைப்ரரி மேனேஜ்மென்ட் செய். பதினோரு வருஷமா அதுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு வர்றேன். ஒரு தடவைகூட யார் மனசும் புண்பட்டதில்லை.”

அன்னக்கொடி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் கீழே போனேன். பத்து நிமிஷத்தில் ஒரு சீட்டு வந்தது. ‘நான் விலகிக்கிறேன் சாயி.’

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரிய புத்திசாலி மாதிரி ஒரு பக்கம் நிறைய எழுதி அனுப்பினேன். விலகாதே. லேபிளை மட்டும் மாற்றுவோம். மருந்து என்று வருகிற இடத்தில் நூல், ஆஸ்பத்திரி என்று வருகிற இடத்தில் நூலகம், நோயாளியின் ஊருக்குப் பதில் வாசகரின் ஊர். உள்ளே இருக்கிற விவரத்தில் கை வைக்காதே, அதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்? மேடையில் அந்த அதிகாரி முன்னால் நின்றதும் உண்மையைச் சொல்லிவிடலாம். முதலில் சைன் வாங்குவோம்.

முதலில் சைன் வாங்குவோம். மூன்று வருஷத்தில் அந்தக் கல்லூரி எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான், அதை நான் நன்றாகவே கற்றிருந்தேன். சீட்டின் கடைசியில் ‘சாப்பிட்டியா?’ என்று எழுதியிருந்தேன். உக்கிரபாண்டி அண்ணன் படித்துப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் கடைசி வரி புரோகிராமுக்குச் சம்மந்தமில்லையே.”

“சாப்பிட்டாளான்னுதாண்ணே கேட்டேன்.”

“நல்லாத்தேன் கேட்டிருக்கீக. ஆனா ரூல்ஸ் இருக்கே.” பேனாவால் அழுத்தி அடித்துவிட்டு மாடி ஏறினார்.

மூன்றரை மணிக்குள் அவள் முழு நோட்டையும் திரும்ப எழுதிவிட்டாள். இடது பக்கத்தில் ஓர் உதாரண அவுட்புட் வேண்டும். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது ஒரே ஒரு அவுட்புட். அதைத்தான் பென்சிலால் எழுதினாள். வாசகரின் ஊர் நரியங்கரடு, தேதி 17-6-2006. சார் ஓரக் கோட்டை ஸ்கேலால் அளந்தார். தலைப்புக்கு அடிக்கோடு இருக்கிறதா என்று பார்த்தார்.

“நரியங்கரடு எங்கே இருக்கு?”

“உசிலம்பட்டிக்கு மேற்க சார்.”

“வெரி குட். கிராமத்துக்கும் நூல் போகணும்.” கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. ஜெனரேட்டர் இருந்தது. அது விழா மண்டபத்தில் மைக் ஒத்திகைக்குத் தேவைப்பட்டது. இடைவிடாத முப்பத்தாறு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் முன் நாங்கள் உட்கார்ந்தது மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். பதினேழு அணிகளில் பதினோரு அணி லைப்ரரி மேனேஜ்மென்ட். எங்களையும் சேர்த்தால் பன்னிரண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது ஒரே ஒரு லைப்ரரி. அதுவும் ஆய்வுக் குழு வரும்வரை தூசி படக் கூடாது என்று பூட்டியிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மாடியிலிருந்து சீட்டு வந்தது. நாலு வரி. நடுவில் இரண்டு வரிகளை உக்கிரபாண்டி அண்ணன் கறுப்பு மையால் ஒன்றும் தெரியாதபடி அடித்திருந்தார். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: ‘சாயி, ரெக்கார்டுல சாம்பிளை மாத்தணும். சார்கிட்ட நீ கேளு, நீ சொன்னாக் கேப்பாரு.’

இவளுக்கு இப்போது என்ன வந்தது என்று எரிச்சலாக இருந்தது. திரும்ப எழுதி, திரும்ப அளந்து, திரும்ப வரிசையில் நின்று யார் கையெழுத்து வாங்குவது? ‘அதெல்லாம் வேண்டாம். சைன் வாங்கியாச்சு’ என்று எழுதி அனுப்பினேன். அந்தச் சீட்டில் அடிப்பதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. உக்கிரபாண்டி அண்ணன் பாராட்டினார்.

நிறைவு விழா இரண்டரைக்கு. உயர் அதிகாரி வரும்போது நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாது என்று, இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பெற்றோரை ஞாயிறு காலையில் அவசர அவசரமாக போன் போட்டு வரவழைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி, முரட்டுத் தோள் துண்டோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் ஒழுங்காக வைத்தார்.

“அன்னக்கொடின்னு ஒரு புள்ள படிக்குது. தெரியுமா தம்பி?”

“என் கூட்டாளிதான் ஐயா. மேடைக்குப் பின்னாடி நிக்கிறா.”

“நான் அவ அப்பன். நல்லகாமன்.” முகம் மலர்ந்துவிட்டது. “அவ அம்மாவுக்காக என்னமோ செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னா. என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்குறா. இன்னைக்குப் பாத்துருவோம்னு வந்துட்டேன்.”

அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சரியான மண்டூகம் நான்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். கையெழுத்து அழகாக இருந்ததாகவும், ஒரு பக்கத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை என்றும் காரணம் சொன்னார்கள். அன்னக்கொடி தனியாக மேடை ஏறினாள். மேசையில் கம்ப்யூட்டர், பின்னால் பெரிய திரை. அதிகாரி, “ஒரு தடவை ஓட்டிக் காட்டும்மா” என்றார். அவள் கீழே பார்த்தாள். முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில் தன் அப்பாவைப் பார்த்துவிட்டாள். அவர் சின்னப் பையன் மாதிரி கையை உயர்த்தி ஆட்டினார்.

அவள் அவசரமாக வேறு ஏதோ ஊர்ப் பெயரை அடிக்கத் தொடங்கினாள். வெங்கடேஷ்பாபு சார் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“நோ, நோ. ரெக்கார்டில் இருக்கிற சாம்பிள்.”

“வேற ஊரு போடுறேன் சார். தயவுசெஞ்சு சார்.” மைக் அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

“கையெழுத்துப் போட்ட பக்கத்தில் இல்லாத எதுவும் இந்த மேடையில் நடக்காது” என்று சார் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி மெச்சித் தலையாட்டினார். சார் மைக்கை வாங்கி, நோட்டை விரித்து, சொற்பொழிவுக் குரலில் வாசித்தார். “வாசகரின் ஊர், நரியங்கரடு!”

“எங்க ஊரு தம்பி!” என்று நல்லகாமன் என் முழங்காலைத் தட்டினார்.

“தேதி, பதினேழு, ஆறு, இரண்டாயிரத்து ஆறு!”

தட்டிய கை அப்படியே என் முழங்காலில் நின்றுவிட்டது.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சாரே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்து முடித்தார். திரையில் ஆங்கிலத்தில் வரிகள் வந்தன. இடது பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் மெஷின் கட்டுப்பட்டு நடந்தது. நூல் உள்ளது. தாழையூத்துப்பட்டி. 11 கிலோமீட்டர். 25 நிமிடம். இருப்பு 20. மண்டபம் கைதட்டியது.

“இருபத்தஞ்சு நிமிஷம்!” என்று அதிகாரி எழுந்துவிட்டார். “ஒரு வாசகன் ஒரு புத்தகத்தைத் தேடி எங்கெங்கே அலையறான்! அந்த வலியை இந்தக் குழந்தை உணர்ந்திருக்கா. சரியான நேரத்தில் கையில் கிடைக்கிற ஒரு புத்தகம் ஓர் உயிரையே காப்பாத்தும்னு நான் நம்பறேன். எங்க துறையிலும் இப்படி ஒரு ஒழுங்கு வரணும்னு எல்லா மேடையிலும் சொல்றேன். எட்டு வருஷமா விடாமல் சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

“சார், இது புத்தகம் இல்ல சார்” என்றாள் அன்னக்கொடி. “இது எங்கம்மா...”

வெங்கடேஷ்பாபு சார் மைக்கை மெதுவாக அவளிடமிருந்து நகர்த்திக்கொண்டார். “மாணவி மகிழ்ச்சியில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.” இன்னொரு முறை கைதட்டல். அவள் தோளில் பொன்னாடை விழுந்தது. அதிகாரி விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். நான் எழுந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். வரிசையின் ஓரத்தில் ஆசிரியர் நின்றார், செய்முறைத் தேர்வு மதிப்பெண் சார் கையில் இருந்தது. நான் எழவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

“என்ன தம்பி எழுதியிருக்கு அதுல?” என்று நல்லகாமன் கேட்டார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு நாளாக எல்லோரிடமும் பொய் சொன்னவன் நான். அவரிடமும் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். புத்தகம் என்றுதானே திரையில் இருந்தது. ஆனால் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. மேடையைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாததை எல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதரிடம் கொட்டினேன்.

“புத்தகம் இல்லைங்கய்யா. மருந்து. பாம்புக்கடி மருந்து. அன்னைக்கு தாழையூத்துப்பட்டில இருபது குப்பி இருந்துச்சாம். இருபத்தஞ்சு நிமிசத்துல போயிருக்கலாம்.”

“தாழையூத்துப்பட்டியா?” என்றார். “அது மேற்கயில்ல இருக்கு.” குனிந்து நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடினார். அது அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

வாசலில் உக்கிரபாண்டி அண்ணன் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. “தம்பி, மத்தியானம் சீட்டுல ரெண்டு வரி அடிச்சேன்ல. ‘எங்கப்பா வாராரு, அந்தத் தேதி அவரு காதுல விழுகக் கூடாது’ன்னு எழுதியிருந்துச்சு அந்தப் புள்ள. சொந்த விசயமா இருக்கேன்னு அடிச்சுப்புட்டேன். ரூல்ஸ் அப்பிடித்தான தம்பி?” நான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட்டு மிச்சத்துக்கு வருகிறேன். ஆய்வுக் குழு வந்தது, நல்ல தரம் கொடுத்தது. அன்னக்கொடியின் மென்பொருளை நூலகத்தில் நிறுவினார்கள். புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று கேட்டால், பூட்டியிருந்த அந்த ஒரே நூலகத்தின் பெயரை அது சரியாகச் சொன்னது. அவளுடைய ரெக்கார்டு நோட்டு வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில், அந்தப் பக்கம் தெரியும்படி விரித்து வைக்கப்பட்டது. சென்ற வருஷம் போனபோதும் பார்த்தேன். பென்சில் எழுத்து மங்கவில்லை. கீழே சிவப்பு மையில், ‘நன்று. இடைவெளி சீராக உள்ளது’ என்று எழுதியிருக்கிறது.

விழா முடிந்த அன்று சாயங்காலம் அன்னக்கொடி, நல்லகாமன், நான் மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வேந்தரின் ஆட்சி செல்லாத இடம், பேசலாம். அன்னக்கொடி பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். நல்லகாமன்தான் ஆரம்பித்தார்.

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா ஆத்தா?”

“தெரியும்ப்பா.”

“எப்பருந்து?”

“ரெண்டு வருசமா.”

“எங்கிட்டச் சொல்லல.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்துத் திரும்பி, ஏதோ நான் கேட்டது மாதிரிச் சொன்னார். “வேன்காரன் கேட்டான் தம்பி. மேற்க ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு, அங்குட்டுப் போவமான்னு கேட்டான். நாந்தேன் கெழக்க வுடச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரின்னா எல்லாம் இருக்கும்னு நெனைச்சேன்.”

“ஒங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்? மருந்து எங்க இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாதுல்லப்பா” என்றாள் அன்னக்கொடி. அப்போதுதான் அழுதாள். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் அழுததைப் பார்த்தேன்.

“ஆமா, தெரியாது” என்றார் அவர். “இன்னைக்குக் காலைல வரைக்கும் தெரியாது.”

உசிலம்பட்டி பஸ் வந்தது. கூட்டம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகளை முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் ஏறினார். ஏறினவர் படியில் நின்று திரும்பி, “வாரேன் தம்பி. நல்லாப் படிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் மேற்கே போயிற்று.